வியர்க்கும் கூரைகள்

மொன்றியல் துறைமுகம் அத்திலாந்திக் கடலிலிருந்து ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் உள்ளே, சென் லோரன்ஸ் ஆற்றங்கரையில் இருக்கிறது. குளிர்காலத்தில் ஆறு உறைந்துவிடும். அதனால் நெடுங்காலம் ஆண்டுதோறும் சில மாதங்கள் துறைமுகம் மூடியே கிடந்தது. பனி விலகியதும் முதலில் வந்து சேரும் கப்பலின் தலைவருக்குத் தங்கப் பூணிட்ட கைத்தடி ஒன்றைப் பரிசளிப்பது 1840 முதல் வழக்கம். 1964 சனவரி 4ஆம் நாள், டென்மார்க்கின் ‘ஹெல்கா டான்’ கப்பல் உறைபனியை உடைத்துக்கொண்டு வந்து அந்தக் கைத்தடியை நடுக்குளிரிலேயே வாங்கிக்கொண்டது. அன்று தொடங்கி துறைமுகத்துக்குக் குளிர்கால விடுமுறை இல்லை. 1968இல் ‘மான்செஸ்டர் சாலஞ்ச்’ என்ற கப்பல் கொள்கலன்களைக் கொண்டுவந்தது.

வெப்ப நாட்டில் ஏற்றிய சரக்கு உறைகுளிருக்குள் நுழையும்போது ஒரு பழைய தொல்லை கூடவே வரும். அரிசி, காப்பிக்கொட்டை, கொக்கோ, தேயிலை எல்லாம் பார்வைக்கு உலர்ந்தவைதான். ஆனால் அவற்றுக்குள் நீர் இருக்கிறது. அரிசியின் எடையில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு நீர்தான். சரக்கறையில் கதகதப்பாக இருக்கும் மூட்டைகள் மெல்ல நீராவியை விடுகின்றன. கப்பலின் இரும்புத் தோலோ வெளிக்குளிரில் சில்லிட்டுப்போயிருக்கும். நீராவி அதில் பட்டு நீராகி, உச்சியிலிருந்து மூட்டைகள்மேல் சொட்டும். மாலுமிகள் இதைக் ‘கப்பல் வியர்வை’ என்கிறார்கள். கொள்கலனுக்குள் நடந்தால் ‘கொள்கலன் மழை’. சரக்கு பூஞ்சணம் பிடித்து வந்து சேர்ந்தால், கடல்நீர் புகுந்துவிட்டதா என்ற வழக்கு முதலில் எழும். பல நேரங்களில் ஒரு துளி கடல்நீர்கூட உள்ளே வந்திருக்காது.

அனுபவமுள்ள கப்பல் அதிகாரிகள் இதில் இரண்டு விஷயங்களை மறப்பதில்லை. முதலாவது, சொட்டும் நீர் வெளியிலிருந்து வந்ததல்ல. சரக்கோடு கூடவே ஏறியது. இரண்டாவது, சரக்கறையின் காற்றுவழியைத் திறந்துவிடுவது எப்போதும் மருந்தாகாது. வெளிக்காற்றின் பனிநிலை, அதாவது அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்கும் வெப்பநிலை, உள்காற்றின் பனிநிலையைவிடக் குறைவாக இருந்தால் மட்டும் திற. இல்லாவிட்டால் மூடியே வை. குளிர்நாட்டில் ஏற்றிய சரக்கு வெப்பக் கடலுக்குப் போகும்போது காற்றுவழியைத் திறந்தால், வெளி ஈரமெல்லாம் நேரே குளிர்ந்த சரக்கின்மேல் படியும்.

துறைமுகத்திலிருந்து அரை மணிநேரப் பயணத்தில் இருக்கும் புறநகர் வீடுகளின் கூரைக்கடியில், குளிர்காலம் தவறாமல் இதே நாடகம் நடக்கிறது. அங்கே சரக்கறைக்குப் பெயர் அட்டிக், நம் மொழியில் பரண்.

ஒழுகாத கூரையின் ஒழுக்கு

லவால், பிரோசார்ட், டொலார்-தே-ஓர்மோ போன்ற இடங்களில் சரிவுக் கூரை வீடுகள் அதிகம். 1980களில் வந்த தமிழ்க் குடும்பங்கள் பல, நகர நடுவின் வாடகை வீடுகளிலிருந்து பின்னாளில் இப்படிப்பட்ட புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தன. மேல்மாடியின் கூரைப்பலகையில் சிறு மூடி ஒன்று இருக்கும். ஏணி வைத்து அதைத் தள்ளினால் தலைக்குமேல் ஒரு பரண். கொலுப்படிகள், கல்யாண ஆல்பம், பழைய வீடியோ கசெட்டுகள், பிள்ளைகளின் தொட்டில், தோல் தளர்ந்த மிருதங்கம் என்று எறியவும் மனமில்லாத, அன்றாடம் வேண்டியும் இராத பொருள்கள் அங்கே ஏறிவிடும்.

பெப்ரவரி கடைசியில் கொஞ்சம் வெயில் ஏறியதும் மேல்மாடிக் கூரைப்பலகையில் பழுப்புக் கறை தெரியும். கூரை ஒழுகுகிறது என்று ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் ஏறிப் பார்த்தால் கூரை ஓட்டில் ஓட்டை எதுவும் இருக்காது. பரணுக்குள் விளக்கடித்துப் பார்த்தால்தான் கதை புரியும். கூரையின் அடிப்பலகையிலும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி முனைகளிலும் உறைபனி வெள்ளையாகப் பூத்திருக்கும். வாரக்கணக்கில் சேர்ந்தது ஒரே நாளில் உருகினால் அது ஒழுக்காகத்தான் தெரியும்.

அந்த நீர் எங்கிருந்து வந்தது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 21 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் அதிகமாகப் போனால் 18 கிராம் நீராவி இருக்க முடியும். வீட்டுக்குள் ஒப்பு ஈரப்பதம் 30 விழுக்காடு என்றால் உண்மையில் இருப்பது சுமார் ஐந்தரை கிராம். நம் மூக்குக்கு அது வறண்ட காற்று. அதே காற்று −20 பாகைக்குக் குளிர்ந்தால் ஒரு கிராமுக்குமேல் வைத்துக்கொள்ள முடியாது. மிச்சமுள்ள நாலரை கிராம் எங்காவது படிந்தாக வேண்டும்.

இனி அந்தக் காற்று பரணுக்கு ஏறும் வழி. வெளியே −20, உள்ளே 21 என்றால் வீட்டுக்குள் இருக்கும் காற்று வெளிக்காற்றைவிட இலேசானது. அது மேலே ஏறி உச்சியைத் தள்ளும். கீழே கதவிடுக்கு, அடித்தள விரிசல் வழியாகக் குளிர்காற்று உள்ளே இழுபடும். வீடு முழுவதும் ஒரு புகைபோக்கிபோல் வேலை செய்கிறது. ஆறு மீட்டர் உயரமுள்ள இரண்டு மாடி வீட்டில் இந்த அழுத்த வேறுபாடு மொத்தம் 11 பாஸ்கல். அதில் பாதியளவு மேல்மாடிக் கூரைப்பலகையில் விழும். 5.5 பாஸ்கல் என்பது அரை மில்லிமீட்டர் உயர நீர் தரும் அழுத்தம்தான். கைக்குத் தெரியாத இந்தத் தள்ளல் நாள் முழுவதும் ஓயாது.

கூரைப்பலகையில் உள்ள எல்லா இடுக்குகளையும் ஒன்றுசேர்த்தால் பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் அளவில் ஒரு துளை வரும் என்று வைப்போம். பழைய வீட்டில் இது பெரிய தொகையே அல்ல. அதன் வழியாக மணிக்கு ஏறத்தாழ 65 கன மீட்டர் காற்று மேலே போகும். கன மீட்டருக்கு நாலரை கிராம் என்றால் மணிக்கு 300 கிராம் நீர்; ஒரு நாளைக்கு ஏழு லிட்டர். இதில் பெரும்பங்கு பரணின் காற்றுத்துளைகள் வழியாக வெளியேறிவிடும். பத்தில் ஒரு பங்கு தங்கினாலே, இரண்டு வாரக் கடுங்குளிரில் பத்து லிட்டர் நீர் பனியாகக் கூரையின் அடிப்பலகையில் ஒட்டிக்கொள்ளும்.

அரிசி வேகும் ஆவி, இடியப்பமும் பிட்டும் அவியும் ஆவி, குளியல், உள்ளே காயும் துணி, உறங்குவோரின் மூச்சு எல்லாம் சேர்ந்து நாலு பேர் உள்ள குடும்பம் ஒரு நாளில் பத்து லிட்டர் அளவுக்கு நீரைக் காற்றில் கலக்கிறது. பரண் ஈரமாவதற்கு வேண்டிய நீர் வீட்டிலேயே தாராளமாக இருக்கிறது.

புகைபோக்கி போனபின்

“இந்த வீட்டில் நாற்பது வருடம் இந்தத் தொல்லை இல்லையே, வெப்பமூட்டியை மாற்றியபின்தானே வந்தது” என்று பழைய வீட்டுக்காரர் சொல்வதுண்டு. அது வெறும் தற்செயல் அல்ல.

எண்ணெய் உலை எரியும் வீட்டில் புகைபோக்கி இருந்தது. உலை இயங்கும்போது அது வீட்டுக் காற்றை ஓயாமல் உறிஞ்சி வெளியே தள்ளும். பரணுக்குப் போகவேண்டிய ஈரக்காற்றின் ஒரு பகுதி அந்த வழியே போய்விடும். வீடு முழுவதிலும் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருந்ததால் கூரைப்பலகையில் தள்ளலும் குறைந்தது. நீர்மின்சாரம் மலிவான கியூபெக்கில் வீடுகள் மெல்ல மெல்ல மின்வெப்பத்துக்கு மாறின. இன்று பெரும்பாலான வீடுகள் அப்படித்தான். புகைபோக்கியை அடைத்ததும் இரண்டு விளைவுகள் ஒருசேர வந்தன. வீட்டின் ஈரம் வெளியேற வழி குறைந்தது. கூரைப்பலகையைத் தள்ளும் அழுத்தம் கூடியது. மேற்குக் கனடாவில் மின்வெப்ப வீடுகளின் பரண்களில் பனி பிடிப்பதை 1970களில் ஆராய்ந்த ஹரல்ட் ஓர் போன்ற தேசிய ஆராய்ச்சி மன்றப் பொறியாளர்கள் இந்த முடிச்சை அவிழ்த்தார்கள்.

அவர்கள் அங்கே நிற்கவில்லை. 1977இல் ரெஜைனா நகரில் சஸ்காச்சுவான் சேமிப்பு வீடு எழுந்தது. கூரையில் ஆர்-60 வெப்பக்காப்பு (ஆர் என்பது வெப்பத்தைத் தடுக்கும் திறனின் அளவு; எண் கூடினால் தடை கூடும்), காற்றுக் கசியாத உறை, போகும் காற்றின் வெப்பத்தை வரும் காற்றுக்கு மாற்றித் தரும் கருவி. கடுங்குளிர் நாட்டில் வழக்கமான உலை இல்லாமலே வாழலாம் என்று காட்டிய அந்த வீடு, பின்னர் ஜெர்மனியில் உருவான ‘பாசிவ் ஹவுஸ்’ இயக்கத்துக்கும் முன்னோடிகளில் ஒன்றானது. தடித்த வெப்பக்காப்புப் பஞ்சை அடுக்குவதற்கு முன் இடுக்குகளை அடைக்க வேண்டும் என்ற வரிசை அதன் உயிர்நாடி.

உச்சித் தளம் என்னும் எல்லை

வீட்டுக்கு மேல் எல்லை எது என்று கேட்டால் எல்லோரும் கூரையைக் காட்டுவார்கள். மழைக்கும் பனிக்கும் அது சரி. காற்றுக்கும் வெப்பத்துக்கும் எல்லை பரணின் தரைதான். அதற்குமேல் இருப்பது வெளி. குளிர்காலத்தில் பரண் வெளியைப்போலவே குளிராக இருந்தால்தான் அது நலமாக இருக்கிறது என்று பொருள்.

தளத்தையே எல்லையாக எண்ணுவது மொன்றியலுக்குப் புதிதல்ல. 1721இல் ஒரு தீ ஊரில் ஏறத்தாழ பாதியைத் தின்றது. பிரெஞ்சு ஆட்சியின் நிர்வாகி குளோட்-தோமா துப்புய் 1727 சூனில் கட்டட ஆணை ஒன்றைப் பிறப்பித்தார். வீடுகளைக் கல்லால் கட்ட வேண்டும். மரம் நெருங்கிய மன்சார்ட் கூரை கூடாது. பரணின் தளத்தைத் தீப்பற்றாத பொருளால் மூட வேண்டும். கூரை எரிந்தால் அதை இடித்துத் தள்ளிவிட்டு, தளத்துக்குக் கீழே உள்ள வீட்டைக் காப்பாற்றலாம் என்பது எண்ணம். ஆணை இருந்தும் 1734 ஏப்ரல் 10 அன்று, துறைமுகத்தை ஒட்டிய சென் போல் தெருவில் ஒரு வீட்டின் கூரையில் எழுந்த தீ, ஓதெல்-தியூ மருத்துவமனை உட்பட 46 கட்டடங்களை அழித்தது. பரணில் தீ வைத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அடிமைப் பெண் மரி-ஜோசஃப் ஆஞ்செலிக் அந்த ஆண்டு சூனில் தூக்கிலிடப்பட்டார். அவர் உண்மையில் தீ வைத்தாரா என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்றும் ஒத்துப்போகவில்லை.

அன்று தீ மேலிருந்து கீழே இறங்காமல் காக்கத் தளத்தை மூடினார்கள். இன்று ஈரம் கீழிருந்து மேலே ஏறாமல் இருக்க அதே தளத்தை மூடுகிறோம்.

முதலில் அடை, பிறகு போர்த்து, பிறகு காற்றுவழி விடு

பரணில் முடைநாற்றம் என்றால் பலருக்கும் முதலில் தோன்றுவது விசிறி. கூரையில் மின்விசிறி பொருத்தி உள்காற்றை வெளியே இறைத்தால் பரண் சுத்தமாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. விசிறி பரணின் அழுத்தத்தைக் குறைக்கிறது. குறைந்த அழுத்தத்தை நிரப்பக் காற்று எங்கிருந்து வரும்? எளிதான வழி எதுவோ அங்கிருந்து. தளத்தில் இடுக்கு இருந்தால் வீட்டுக்குள்ளிருந்து. பணம் கொடுத்து வெப்பமூட்டிய ஈரக்காற்றை மின்சாரம் செலவழித்து மேலே இழுக்கும் ஏற்பாடாக அது முடியும்.

எனவே முதல் வேலை இடுக்குகளை அடைப்பது. அவை இருக்கும் இடங்கள் வீட்டுக்கு வீடு மாறுவதில்லை. பரண் மூடியின் விளிம்பு, கூரைப்பலகையில் பதித்த விளக்குகளின் கூடு, மின்கம்பி ஏறும் துளை, கழிவுநீர்க் குழாயின் காற்றுக்குழாயைச் சுற்றிய வெளி, உள்சுவர்களின் தலைப்பலகை, பழைய புகைபோக்கியைச் சுற்றி விட்ட இடைவெளி. வெப்பக்காப்பை ஒதுக்கிவிட்டு ஒவ்வொன்றையும் சீலண்டாலோ நுரையாலோ அடைக்க வேண்டும். சூடாகும் புகைபோக்கியைச் சுற்றித் தகடும் தீ தாங்கும் சீலண்டும்தான், நுரை கூடாது. குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் குழாய் பரணுக்குள்ளேயே முடிந்துவிடும் வீடுகளும் உண்டு. அங்கே அடைக்க ஒன்றுமில்லை. குழாயை வெப்பக்காப்பு சுற்றிக் கூரைக்கு வெளியே கொண்டுபோக வேண்டும்.

நீராவித் தடுப்பாக பாலித்தீன் விரிப்பு போட்டிருக்கிறதே, அது போதாதா என்று கேட்கலாம். கட்டட இயற்பியல் நூல்களில் அடிக்கடி காட்டப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு முழு ஜிப்சம் பலகையின் பரப்பினூடே ஊறிப் பரவும் நீராவி, ஒரு குளிர்காலம் முழுவதும் சேர்ந்து ஒரு லிட்டரில் மூன்றிலொரு பங்கு. அதே பலகையில் ஓர் அங்குலச் சதுரத் துளை இருந்தால் அதன் வழியாகக் காற்றோடு போகும் நீர் முப்பது லிட்டர். பரப்பை மூடுவதைவிடத் துளையை மூடுவது தொண்ணூறு மடங்கு முக்கியம். விரிப்பும் வேண்டியதுதான், அது வெப்பமான பக்கத்தில், அதாவது குளிர்நாட்டில் வெப்பக்காப்புக்குக் கீழே, இருக்க வேண்டும். மேற்பக்கத்தில் போட்டால் ஈரம் பஞ்சுக்குள் சிறைப்படும்.

இரண்டாவது வேலை போர்த்துவது. கியூபெக்கின் கட்டட விதி, 2012 முதல், புதிய சிறு வீடுகளின் கூரைக்கு ஆர்-41 அளவைக் கேட்கிறது. பழைய செய்தித்தாளை அரைத்து, போரான் உப்பு கலந்த செல்லுலோஸ் அங்குலத்துக்கு ஆர்-3.6 தரும். ஆகவே ஏறத்தாழ 29 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நிரப்ப வேண்டும். ஊதி நிரப்பும் கண்ணாடிப் பஞ்சுக்கு இன்னும் ஆழம் தேவை. இதில் பரண் மூடியை மறந்துவிடுபவர்கள் அதிகம். நூறு சதுர மீட்டர் தளத்தில் அரைச் சதுர மீட்டர் மூடி வெறும் பிளைவுட்டாக, ஆர்-2 அளவில் இருந்தால், பரப்பில் அரை விழுக்காடான அந்த மூடி மட்டுமே மொத்த வெப்ப இழப்பில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் காற்றுவழி. எவ்வளவு அடைத்தாலும் கொஞ்சம் ஈரம் ஏறும். அதை வெளியேற்ற வழி வேண்டும். கூரை விளிம்பின் கீழிருந்து காற்று நுழைந்து முகட்டருகே வெளியேற வேண்டும். காப்பிட்ட தளப் பரப்பில் முந்நூறில் ஒரு பங்கு அளவுக்குத் திறப்பு வேண்டும் என்பது கனடாவின் வழக்கமான விதி. நூறு சதுர மீட்டருக்கு மூவாயிரத்துச் சொச்சம் சதுர சென்டிமீட்டர். சரிவு குறைந்த கூரைகளுக்கு அது இரு மடங்கு. விளிம்பருகே பஞ்சு சரிந்து நுழைவாயிலை அடைத்துவிடாமல் இருக்கத் தடுப்புப் பலகைகள் வைக்க வேண்டும்.

கூடுதலாகக் காற்று விட்டால் கூடுதல் நன்மையா? கப்பல் அதிகாரியின் இரண்டாவது பாடம் இங்கே கைகொடுக்கிறது. மேகமற்ற இரவில் கூரை வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்த்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். அப்போது உள்ளே வரும் வெளிக்காற்றே கூரையின் அடிப்பலகையில் பனியாகப் படியக்கூடும். காற்றுவழி ஓர் எல்லைவரைதான் உதவும். மேலேறும் ஈரத்தை நிறுத்துவதற்கு எல்லையே இல்லை.

அடைத்துப் போர்த்திய பரணுக்கு இன்னொரு பயனும் உண்டு. மொன்றியலில் ஒரு குளிர்காலத்தில் இரண்டு மீட்டருக்குமேல் பனி விழுகிறது. தளத்தின் வழியே வெப்பம் கசிந்தால் கூரை சூடாகி அடியிலுள்ள பனி உருகும். நீர் வழிந்து, வெப்பமில்லாத விளிம்புக்கு வந்து மறுபடி உறைந்து, பனிக்கட்டி அணையாக நிற்கும். அணைக்குப் பின்னால் தேங்கும் நீர் ஓடுகளுக்கடியில் பின்னோக்கி ஏறும். விளிம்பில் தொங்கும் பனி ஈட்டிகளைக் கண்டு தெருவோடு போகிறவர்கள் படம் எடுப்பார்கள். வீட்டுக்காரருக்கு அவை வெப்பக் கசிவின் இரசீது.

நகர நடுவில், பார்க் எக்ஸ்டென்ஷன் போன்ற பகுதிகளில், வெளிப்படிக்கட்டுள்ள இரண்டடுக்கு, மூன்றடுக்கு வீடுகளின் கூரை தட்டையானது. அதற்கும் கூரைப்பலகைக்கும் இடையே ஆள் நிமிர முடியாத ஒரு வெற்றிடம் மட்டும் இருக்கும். அங்கே பொருள் வைக்க வழியில்லை. இயற்பியல் மட்டும் அதேதான். மூன்று மாடி உயரம் என்பதால் உச்சியைத் தள்ளும் அழுத்தம் புறநகர் வீட்டைவிட ஒன்றரை மடங்கு. கீழ்வீட்டுச் சமையலின் ஆவி மேல்வீட்டுக்காரரின் தலைக்குமேல் பனியாகலாம்.

தூசிக்குள் ஒரு வரலாறு

ஈரத்தைச் சரிசெய்துவிட்டால் பரணின் காற்று சுத்தமாகிவிடுமா? பூஞ்சணம் நிற்கும், மரப்பரப்பின் ஒப்பு ஈரப்பதம் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அது வளராது. ஆனால் சில பரண்களில் இன்னொரு பொருள் காத்திருக்கிறது.

1970களின் எண்ணெய் நெருக்கடிக்குப்பின், 1977இல் கனடா அரசு வீடுகளுக்கு வெப்பக்காப்பிட மானியம் கொடுக்கத் தொடங்கியது. அவசரமாக நிரப்பப்பட்ட பொருள்களில் இரண்டு பின்னாளில் தலைவலியாயின. ஒன்று யூரியா-பார்மால்டிகைடு நுரை. பெரும்பாலும் சுவர்களுக்குள் செலுத்தப்பட்ட இது வீட்டுக்காற்றில் பார்மால்டிகைடு வாயுவை விடுகிறது என்ற அச்சத்தால் 1980 டிசம்பரில் தடைசெய்யப்பட்டது. கியூபெக் நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நடந்த வழக்கில், நுரைதான் நோய்க்குக் காரணம் என்பது நிறுவப்படவில்லை என்று 1991இல் தீர்ப்பு வந்தது. காலப்போக்கில் அந்த வாயு அடங்கிவிடுகிறது.

இரண்டாவது அடங்காதது: வெர்மிகுலைட். சாம்பலும் பொன்னிறமும் கலந்து, மடிப்பு மடிப்பாக உப்பிய சிறு துணுக்குகள். ‘சோனோலைட்’ என்ற பெயரில் மூட்டைகளில் வந்தது. பரணில் கொட்டிப் பரப்பினால் வேலை முடிந்தது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரின் சுரங்கத்திலிருந்து உலகத்துக்கு வேண்டிய வெர்மிகுலைட்டின் பெரும்பகுதி வந்தது. அந்தப் பாறையோடு ஆஸ்பெஸ்டாஸ் இழைகளும் கலந்திருந்தன. சுரங்கம் 1990இல் மூடப்பட்டது. லிபி மக்கள் பலர் நுரையீரல் நோயால் மாண்டார்கள். 2009இல் அமெரிக்க அரசு அவ்வூரில் பொதுநல அவசரநிலையையே அறிவித்தது.

இந்தத் துணுக்குகள் அசையாமல் கிடந்தால் ஆபத்து மிகக் குறைவு. பெட்டியை இழுக்கும்போதும், மிதிக்கும்போதும், வாக்குவம் வைத்து உறிஞ்சும்போதும் இழைகள் பறக்கும். அதனால்தான் வெர்மிகுலைட் உள்ள பரணில் பொருள் வைக்கவே வேண்டாம் என்று கனடாவின் சுகாதாரத்துறை சொல்கிறது. அப்படிப்பட்ட துணுக்குகளைக் கண்டால் செய்ய வேண்டியது ஒன்றுதான்: மூடியைச் சாத்திவிட்டு இறங்கி, மாதிரி எடுத்துச் சோதிக்கப் பயிற்சி பெற்றவரை அழைப்பது. இடுக்கு அடைப்பதும் பஞ்சு போர்த்துவதும் அதற்குப் பிறகு.

ஆஸ்பெஸ்டாஸ் கதையில் கியூபெக்குக்கும் நமக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. தெட்ஃபர்ட் மைன்ஸிலும் ஆஸ்பெஸ்டாஸ் என்ற பெயரையே தாங்கிய ஊரிலும் வெட்டியெடுத்த கிரைசோடைல் இழைக்குக் கடைசி ஆண்டுகளில் பெரிய வாங்குநர்களில் ஒன்று இந்தியா. தமிழ்நாட்டில் நாம் ‘சிமெண்ட் ஷீட்’ என்று வேயும் கூரைகள் இத்தகைய இழையால் உரமேறியவை. கியூபெக்கின் கடைசிச் சுரங்கங்கள் 2011இல் நின்றன. 2018 டிசம்பர் 30 முதல் கனடாவில் ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை. 2020இல் அந்த ஊர் தன் பெயரையே வால்-தே-சூர்ஸ் என்று மாற்றிக்கொண்டது. தன் வீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய பிறகும் நெடுங்காலம் பிறர் கூரைக்கு அனுப்பிய வணிகம் அது.

பரணில் வைக்கத் தகுந்தவை

மேலே சொன்ன எல்லாம் நடந்து, பரண் உலர்ந்து நின்றாலும் அது அலமாரியாகிவிடாது. நலமான பரண் குளிர்காலத்தில் −20 பாகை, கோடை வெயிலில் 50 பாகைக்குமேல். ஈரப்பதமும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். புகைப்படத்தின் ஜெலட்டின் பூச்சு விரிந்து சுருங்கி வெடிக்கும். வீடியோ நாடாவின் பிசின் இளகும். மிருதங்கத்தின் பலாக்கட்டையில் கீறல் விழும். தோல் போய்விட்டால் மாற்றலாம், கட்டையை மாற்ற முடியாது. அரும்பொருள் காப்பில் தேர்ந்தவர்கள் பரணையும் அடித்தளத்தையும் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். வீட்டின் நடுமாடியில், உள்சுவரை ஒட்டிய அலமாரியே ஆல்பத்துக்கு ஏற்ற இடம். பித்தளைக் குத்துவிளக்கு, கொலுப்படிகள், பிளாஸ்டிக் பெட்டியில் மூடிய அலங்காரப் பொருள்கள் ஆகியவை பரணைத் தாங்கும். அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சும், எலிக்கும் பிடிக்கும்.

எடையும் கவனிக்க வேண்டியது. புதிய வீடுகளின் கூரை டிரஸ்களின் அடிச்சட்டம் கூரைப்பலகையைத் தாங்கக் கணக்கிட்டது. சரக்கைத் தாங்க அல்ல. வாழும் அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 190 கிலோ அளவில் கணக்கிடும் பொறியாளர், ஏணியால் மட்டும் ஏறும் பரணுக்கு அதிகம் போனால் 50 கிலோ அளவில்தான் கணக்கிடுவார். புத்தகப் பெட்டிகள் நாலு அடுக்கினால் அது தாண்டிவிடும்.

பலகை தளம் போடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. சட்டங்களின் மேலேயே பலகை அடித்தால் கீழே பஞ்சுக்கு இடம் போதாது. அமுங்கிய பஞ்சு வேலை செய்யாது. நூறு சதுர மீட்டர் தளத்தில் பத்துச் சதுர மீட்டருக்கு மட்டும் இப்படிப் பலகை போட்டு அங்கே ஆர்-12தான் மிஞ்சியது என்று வைப்போம். மொத்த வெப்ப இழப்பு நான்கில் ஒரு பங்கு கூடிவிடும். பொருள் வைக்கத்தான் வேண்டும் என்றால், சட்டம் தாங்குமா என்று பார்த்தபின், குறுக்குச் சட்டங்கள் வைத்துத் தளத்தை உயர்த்தி, கீழே முழு ஆழத்துக்குப் பஞ்சை நிரப்ப வேண்டும். மூடிக்கு அருகில் சிறு பகுதி போதும்.

வீட்டின் ஆற்றல் செலவை ஆராய வரும் மதிப்பீட்டாளர் வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக்குள் அழுத்தத்தைக் குறைத்துக் கசிவை அளப்பார். வேலைக்கு முன்னும் பின்னும் அந்த எண் கையில் இருந்தால், ஒப்பந்தக்காரர் உண்மையில் இடுக்கு அடைத்தாரா, அல்லது அழுக்கின் மேலேயே புதுப் பஞ்சை ஊதிவிட்டுப் போனாரா என்பது தெரிந்துவிடும். பஞ்சின் ஆழத்தை யாரும் அளவுகோலால் பார்க்கலாம். அதற்கடியில் நடந்த வேலையைக் காட்டுவது இந்த எண் ஒன்றுதான்.

இதில் ஒரு விலையும் இருக்கிறது. பரணுக்கு ஏறிக்கொண்டிருந்த நாளொன்றுக்கு ஏழு லிட்டர் நீரை நிறுத்திவிட்டோம் என்றால் அது இப்போது வீட்டுக்குள் இருக்கிறது. சன்னல் கண்ணாடியில் வழியும், துணி அலமாரியின் பின்சுவரில் கறுக்கும். மண்ணிலிருந்து அடித்தளத்துக்குள் கசியும் ரேடான் வாயுவும், அடுப்பின் புகையும் முன்புபோல் தாமாக வெளியேறா. கூரையை அடைத்தவர் வீட்டுக்கு மூச்சுவிடும் வழியையும் கணக்கிட்டே அமைத்தாக வேண்டும். வெப்பத்தை இழக்காமல் காற்றை மாற்றுவது எப்படி என்பதை அடுத்த அத்தியாயம் எடுத்துக்கொள்கிறது.